ஆள் குடியில்லாத தீவுக்கு வரலாறு எழுதுவது: கச்சத்தீவும் இராமநாதபுரக் கரையும்

கச்சத்தீவு பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் தீவு இலங்கைக்குப் போன உடன்படிக்கையின் ஆண்டான 1974-இல் தொடங்கி, மீன்பிடிப்பைப் பற்றிய கடிதப் பரிமாற்றம் நடந்த 1976-இல் முடிந்துவிடும். தீவு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை இந்த ஆய்வு தொடவில்லை. அதைப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது. 1880 முதல் 1983 வரை இராமநாதபுரக் கரையிலிருந்து அந்தத் தீவுக்கு யார் போனார்கள், எதற்குப் போனார்கள், எதில் போனார்கள்? வடகடலில் (பாக் நீரிணையில்) கிடக்கும் மற்றத் தீவுகளையும் அவற்றை நம்பி வாழ்ந்த கரைகளையும் ஆராய நினைப்பவர்களுக்கு இந்த ஒரு தீவு நல்ல பயிற்சிக்களம்.

தீவின் பரப்பு 285 ஏக்கர். குடிநீர் கிடையாது, குடியிருப்பும் கிடையாது. ஆகவே பட்டா, வீட்டு வரி ரசீது, பள்ளிப் பதிவேடு, வாக்காளர் பட்டியல் என்று ஒரு கிராமத்தின் வரலாற்றைத் தொகுக்கக் கைகொடுக்கும் எதுவும் இங்கே இல்லை. தீவுக்குள் தேடினால் ஒரு கோயிலும் முட்புதரும்தான் மிஞ்சும். தேட வேண்டிய இடம் அங்கே போய்வந்த துறைகள். இந்தக் கரையில் இராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி, நம்புதாளை. அந்தக் கரையில் நெடுந்தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, யாழ்ப்பாணம்.

முதல் வேலை, தூரத்தைச் சரிசெய்வது. இராமேசுவரத்திலிருந்து 12 மைல் என்று ஒருவர் எழுதுவார், இந்தியக் கரையிலிருந்து 33 கி.மீ. என்று இன்னொருவர் எழுதுவார். எந்தப் புள்ளியிலிருந்து அளந்தது, தரை மைலா கடல் மைலா என்று யாரும் சொல்வதில்லை. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆள்கூறுகளை வைத்து நாமே அளந்தால் இராமேசுவரம் ஊரிலிருந்து வடகிழக்கே நேர்கோட்டில் சுமார் 25 கி.மீ., அதாவது பதிமூன்று சொச்சம் கடல் மைல். நெடுந்தீவின் தென்மேற்கு முனையிலிருந்து 20 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. சின்ன விஷயம்தான். ஆனால் வாய்மொழிச் செய்திகளைச் சோதிக்கும்போது இந்த ஓர் எண் பத்து ஆவணத்துக்குச் சமம். பாய்மர வத்தை நல்ல காற்றில் மணிக்கு நான்கு கடல் மைல் ஓடும் என்று வைத்தால் ஒரு வழிக்கு மட்டும் மூன்றரை மணி நேரம் ஆகும். திரும்பும்போது எதிர்க்காற்று என்றால் அதைப்போல இரண்டு மடங்கும் ஆகலாம். “காலையில போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துருவோம்” என்று ஒருவர் சொன்னால் அது பொய்யல்ல, இஞ்சின் வந்த பிறகான காலம்.

ஜமீன் காகிதம்

இராமநாதபுரம் சேதுபதிகளின் நிலம் 1803-இல் நிரந்தர ஜமீன் ஆனது. 1949-இல் அரசு எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்துக் காகிதம் ஒரே இடத்தில் இல்லை. பலர் சறுக்குவது இங்கேதான். இராமநாதபுரம் மாவட்டம் பிறந்தது 1910-இல். அதற்கு முந்தைய கோப்புகளைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இராமநாதபுரம் என்ற தலைப்பில் கேட்டால் வராது. மதுரை மாவட்டப் பதிவுகளில் பார்க்க வேண்டும். 1985-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய ‘இராம்நாடு’ புள்ளிவிவரத்தில் இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் சேர்ந்தே இருக்கும்.

இதற்குள் இன்னொரு முடிச்சு உண்டு. 1873-இல் முத்துராமலிங்க சேதுபதி இறந்தபின், மகன் பாஸ்கர சேதுபதி 1889-இல் பொறுப்பேற்கும்வரை ஜமீன், வாரிசு சிறுவனாக இருக்கும்போது சொத்தைப் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பான கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்தில் இருந்தது. கச்சத்தீவு பேசப்படும்போதெல்லாம் காட்டப்படும் 1880-ஆம் ஆண்டுக் குத்தகைப் பத்திரம் அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்டது. அதனால்தான் அதில் எட்வர்ட் டர்னர் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் வருகிறது. சமஸ்தானக் காகிதங்களில் மட்டும் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடித்துவிடக் கூடாது. கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் வரிசையையும் கேட்டு வாங்க வேண்டும்.

தேதிகளில் வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு வரும். ஜூலை 1-இல் தொடங்கும் அந்த ஆண்டோடு 590 கூட்டினால் அது தொடங்கிய கிறித்தவ ஆண்டு கிடைக்கும்: பசலி 1290 என்றால் 1880 ஜூலை முதல் 1881 ஜூன் வரை. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் சக ஆண்டு வந்தால் 78 கூட்ட வேண்டும். கீழக்கரைப் பக்கம் மீசான் கற்களில் (கல்லறைக் கற்களில்) இஸ்லாமியரின் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். அது சந்திர ஆண்டு, ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். ஒரே எண்ணைக் கூட்டிக் கணக்கு முடிக்க முடியாது, மாற்று அட்டவணை வேண்டும். அறுபது ஆண்டுச் சுற்றுப் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ‘குரோதி வருடம்’ 1904-05 ஆகவும் இருக்கலாம், 1964-65 ஆகவும் இருக்கலாம். எழுத்தும் கல்லும் காகிதமும்தான் எது என்று தீர்த்துவைக்கும்.

1880 பத்திரத்துக்கு வருவோம். எழுபது கிராமங்களும் பதினொரு தீவுகளும் அடங்கிய அந்தக் குத்தகை மீனுக்காக எழுதப்பட்டதல்ல, சாயவேருக்காக. இதைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். சாயவேர் மணற்பாங்கான கரையில் தானாக முளைக்கும் சிறு செடி. மெல்லிய நீண்ட வேரிலிருந்து பருத்தித் துணிக்குச் சிவப்புச் சாயம் எடுப்பார்கள். யாழ்ப்பாணத் தீவுகளிலும் மன்னாரிலும் இந்த வேர் தோண்டும் தொழில் டச்சுக்காரர் காலத்திலேயே வரிக்கு உட்பட்டது. ஆள் குடியில்லாத தீவு குத்தகை எடுத்த ஒரு மரைக்காயர் வணிகருக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. மிதிபடாத மணலில் வேர் ஆழமாக இறங்கும். குடிநீர் இல்லாத குறையைத் தோண்டும் சில நாட்களுக்குப் படகில் பானையேற்றிப் போய்ச் சமாளிக்கலாம். ஆனால் 1870-களிலேயே அலிசரின் என்ற செயற்கைச் சிவப்புச் சாயம் சந்தைக்கு வந்துவிட்டது. பத்திரம் பதிவான நேரத்தில் அந்தத் தொழில் இறங்குமுகத்தில் இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

1885-இலும் 1913-இலும் வேறு குத்தகைகளில் இந்தத் தீவின் பெயர் வருகிறது. ஓர் எச்சரிக்கை: குத்தகைப் பட்டியல்கள் முந்தைய பத்திரத்தைப் பார்த்து எழுதப்படுபவை. பட்டியலில் பெயர் இருப்பது யார் வரி கேட்டார்கள் என்பதைக் காட்டும். அந்த ஆண்டில் அங்கே யாராவது கால் வைத்தார்களா என்பதைக் காட்டாது. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை.

நூல்வலையும் நைலானும்

‘வலை உலர்த்தும் உரிமை’ என்பது கச்சத்தீவு பேச்சில் மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. 1974 உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம், அதற்கு இலங்கையிடம் பயண ஆவணமோ விசாவோ வாங்க வேண்டியதில்லை என்கிறது. வலை என்ற பேச்சே அந்தப் பிரிவில் கிடையாது. அது விளக்கங்களில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதற்கு நியாயமான காரணம் உண்டு, அதைத் தொழிலில்தான் பார்க்க முடியும்.

பருத்தி நூல்வலை ஈரத்தோடு கிடந்தால் அழுகும். ஒவ்வொரு பாடு (வலை விடும் முறை) முடிந்ததும் விரித்துக் காயவைக்க வேண்டும். அடிக்கடி மரப்பட்டை காய்ச்சிய சாயத்தில் தோய்த்து நூலை இறுக்க வேண்டும். நனைந்த நூல்வலையின் பாரமும் அதிகம். பல பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) நீளமுள்ள வலையைப் படகிலேயே குவித்து வைத்து இரண்டு நாள் தங்கித் தொழில் செய்ய முடியாது. வழியில் ஒரு மணல்திட்டு இருந்தால் அங்கே இறக்கி, வெயிலில் விரித்து, கிழிசலைப் பொத்தி, சோறு பொங்கித் தின்று, அடுத்த பாட்டுக்குப் போகலாம். தீவு மீனவருக்குப் பயன்பட்டது இப்படித்தான். தங்குமிடமாக அல்ல, களமாக.

1960-களில் நைலான் பரவியது. நைலான் அழுகாது, காயவைக்கத் தேவையில்லை, பாரமும் குறைவு. பின்னாலேயே விசைப்படகும் ஐஸ் பெட்டியும் வந்தன. ஆக, 1974-இல் எழுத்தில் இடம்பெற்ற ‘முன்போலவே’ என்ற நடைமுறையின் தொழில் அடிப்படை அப்போதே கரைந்துகொண்டிருந்தது. மிச்சம் இருந்தது கோயிலும் மீன் கிடைக்கும் நீரும். நீரைப் பொறுத்தவரை 1976 மார்ச் மாதக் கடிதப் பரிமாற்றம் ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டு நீரில் மீன்பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. எஞ்சியது கோயில்.

இந்த முடிவுக்கு வர எந்தக் காப்பகமும் தேவைப்படாது. பழைய மீனவர் ஒருவரிடம் “அய்யா, நூல்வலையை எங்க காயப்போடுவீங்க? பட்டை எங்க காய்ச்சுவீங்க?” என்று கேட்டால் போதும். “கச்சத்தீவு நம்மளோடதா?” என்று ஆரம்பித்தால் பேச்சு தொலைக்காட்சி விவாதமாகிவிடும், ஒரு மணி நேரம் வீணாகும்.

அந்தோணியார் கோயில்

தீவில் உள்ள புனித அந்தோணியார் கோயிலை நம்புதாளையைச் சேர்ந்த சீனிகுப்பன் படையாட்சி 1905 வாக்கில் கட்டினார் என்பது பரவலாக எழுதப்படும் செய்தி. பூசைக்குத் தங்கச்சிமடத்திலிருந்து குரு போய்வந்தார் என்பதும் அதனோடு சேர்ந்து வரும். இந்த ஆண்டை யார் எழுதினாலும் முந்தையவர் எழுதியதைப் பார்த்தே எழுதுகிறார்கள். பத்துக் கட்டுரையில் இருப்பதால் பத்துச் சான்று ஆகிவிடாது. பங்கின் நாட்குறிப்பு, மறைமாவட்டக் கடிதங்கள், கோயில் மணியிலோ பீடத்திலோ பொறித்த எழுத்து ஆகியவற்றோடு ஒப்பிட்ட பிறகே ‘1905’ என்று தனியாக நிறுத்தி எழுதலாம். இந்தப் பகுதி இன்று 1987-இல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய கடிதங்களுக்கு மதுரையில் கேட்க வேண்டும். தீவுக் கோயிலின் பொறுப்பு யாழ்ப்பாண மறைமாவட்டத்திடம். ஆகவே ஒரே திருவிழாவுக்கு இரண்டு கரையிலும் இரண்டு குறிப்பு இருக்க வாய்ப்புண்டு.

திருவிழா மாசி-பங்குனியில், இரண்டு நாள். முதல் நாள் கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர்ப்பவனி. மறுநாள் காலை திருப்பலி முடிந்ததும் படகுகள் கிளம்பும். ஏன் அந்த மாதம் என்பதற்குத் தவக்காலம் ஒரு விடை, காற்று இன்னொரு விடை. ஐப்பசி தொடங்கி வாடை வீசும். வடகிழக்கே இருக்கும் தீவுக்கு அது நேர் எதிர்க்காற்று. வைகாசி முதல் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று பலக்கும். போவது எளிது, திரும்புவது பாடு. இரண்டுக்கும் நடுவில் கடல் படுத்துக்கிடக்கும் சில வாரங்களில்தான் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிப் பாய்மரத்தில் போய்வர முடியும். பாய்மரக் காலத்தில் மார்கழியில் குடும்பத்தோடு போனதாக ஒரு செய்தி கிடைத்தால் மாதத்தையோ படகையோ திரும்பக் கேட்க வேண்டும்.

பூசையைவிட அங்கே நடந்த சந்தைதான் கரையின் பண்பாட்டுக்கு நல்ல சாட்சி. இங்கிருந்து சேலையும் கைலியும் போகும். அங்கிருந்து தேங்காய் எண்ணெயும் சோப்பும் வரும். பணத்தைவிடப் பண்டமாற்றே சுலபம். இதை ஆண்களிடம் கேட்பதைவிடப் பெண்களிடம் கேட்பது பலன் தரும். என்ன வாங்கினோம், எவ்வளவுக்குக் கொடுத்தோம், அந்தப் பக்கத்து உறவுக்காரி என்ன கொண்டுவந்தாள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் பொருளாக இருக்கும், ஆண்டாக இருக்காது. “ஆத்தா, அந்தச் சேலை இப்பவும் இருக்கா?” என்ற கேள்விக்குப் பெட்டி திறந்த வீடுகள் உண்டு. போர்க்காலத்தில் நின்றுபோன இந்தப் பக்கத்துக் கூட்டம் 2010 முதல் மீண்டும் போகத் தொடங்கியது; 2016 டிசம்பரில் புதிய கோயில் திறக்கப்பட்டது. புதிய கோயிலின் படத்தைக் காட்டி ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதையைக் கேட்கக் கூடாது. பழைய ஓட்டுக் கோயிலின் படம் இல்லையென்றால் படமே காட்டாமல் கேட்பது நல்லது.

கரை தாண்டிய உறவுக்கு உறுதியான சான்று திருமணப் பதிவேடு. மணமகனின் ஊர், மணமகளின் ஊர், சாட்சிகளின் ஊர் மூன்றையும் எடுத்துப் பட்டியலிட வேண்டும். சாட்சியின் ஊரை விட்டுவிடுகிறார்கள். வந்துபோன உறவுக்காரன் அங்கேதான் அகப்படுவான். பழைய பதிவுகள் சில லத்தீனில் இருக்கும். பெயர் லத்தீன் உருவில் வந்தாலும் ஊர்ப் பெயர் ஒலிபெயர்ப்பாகவே இருக்கும், வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

நினைவுக்குத் தேதி போடுவது

“புயலுக்கு முந்தி” என்பார்கள். உடனே 1964 என்று எழுதிவிடக் கூடாது. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22-23 இரவு. 1978 நவம்பர் 24-இல் இன்னொரு கடும்புயல் கீழக்கரைப் பக்கம் கரையேறியது. தேவிபட்டினம், கீழக்கரை வட்டாரத்தில் ‘புயல்’ இரண்டாவதாகவும் இருக்கலாம். பிரித்தறியக் கேட்க வேண்டியது: கார்த்திகையா மார்கழியா? கிறிஸ்துமஸ் எத்தனை நாளில் வந்தது? அப்போது தனுஷ்கோடிக்கு ரயில் ஓடியதா? இலங்கைக் கப்பல் எங்கிருந்து புறப்பட்டது? 1964 வரை தனுஷ்கோடி, அதன்பின் இராமேசுவரம். பாம்பன் ரயில் பாலம் 1914, சாலைப் பாலம் 1988. இவை இரண்டும் நம்பகமான முளைகள்.

கரை அடையாளங்களும் தேதி சொல்லும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அது தொடுவானத்தில் எத்தனை கி.மீ. வரை தெரியும் என்று கிடைக்கும். பார்ப்பவர் கண்ணின் உயரத்துக்கும் அதேபோல் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். இராமநாதசுவாமி கோயில் கிழக்குக் கோபுரம் 126 அடி, அதாவது சுமார் 38 மீட்டர்: 22 கி.மீ. படகில் நிற்பவருக்கு இன்னும் 5 கி.மீ. கூட்டினால் 27. கச்சத்தீவு 25 கி.மீ. தொலைவு. ஆக “தீவுலேர்ந்து பாத்தா கோபுர உச்சி மட்டும் தெரியும்” என்று சொல்பவரை நம்பலாம். கோபுரம் முழுசாகத் தெரியும் என்பவர் தீவுக்குப் போகும் வழியில் பார்த்ததைத் தீவோடு சேர்த்துவிட்டார். 300 மீட்டருக்கும் உயரமான இராமேசுவரம் டிவி டவர் 60 கி.மீ. தாண்டியும் தெரியும், ஆனால் அது 1990-களில் வந்தது. பாய்மரக் கதைக்குள் டிவி டவர் வந்தால் இரண்டு காலம் கலந்திருக்கிறது. குறுக்கிட்டுத் திருத்தாமல், பேசி முடித்தபின் பயணங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டால் அவரே பிரித்துத் தருவார்.

எப்போது போய்ப் பார்ப்பது என்பதும் கணக்குத்தான். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற முறை இருக்கிறது. கடலுக்குப் போகாத நாளில் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுக்காரர்களிடம் பேச நல்ல நேரம், நாட்டுப்படகுக்காரர்களுக்கு அதுவே ஓய்வில்லாத நேரம். பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றும் நாட்களில் கடலில் இருப்பார்கள். கத்தோலிக்கக் குடியிருப்புகளில் ஞாயிறு பிற்பகலும், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெள்ளி அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகும் பொருந்தும். கடற்கரையில் பதிவு செய்தால் மைக்கில் காற்றுத்தான் பேசும். பஞ்சு உறை போட்டாலும் வாடைக் காலத்தில் வீட்டுக்குள் உட்காருவதே வழி.

அந்தக் கரை

டச்சுக்காரர் 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை இட்டார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ராட்டர்டாம், வேலணை லைடன். டச்சு வரைபடங்களில் தமிழ்ப் பெயரைத் தேடிச் சோர்ந்துபோகிறவர்கள் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கில ஆவணத்தில் கச்சத்தீவின் எழுத்துக்கூட்டல் ஒரு கோப்புக்குள்ளேயே இரண்டு மூன்று விதமாக மாறும். எல்லா வடிவத்தையும் தட்டச்சு செய்து தேட வேண்டும்.

நாணயத்தில் ஒரு பொறி இருக்கிறது. காளையும் ‘சேது’ என்ற எழுத்தும் கொண்ட செப்புக்காசு இராமநாதபுரக் கரையில் கிடைத்தால் சேதுபதி காசு என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு. சேது அவர்களுக்கும் மங்கலச் சொல். ஒரு காசு கரை மாறிக் கிடப்பதே போக்குவரத்துக்குச் சான்று, அதைத் தவறான அரசனுக்குக் கொடுத்தால் சான்று போய்விடும்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டதில் ஓலைச்சுவடிகளும் உள்ளூர்ச் செய்தித்தாள்களும் போய்விட்டன. அதனால் இன்று எடுத்துவைக்கும் ஆவணங்களில் இந்தியப் பக்கத்தின் எடை தானாகவே கூடிவிடும். எழுதும்போது இதை அடிக்கோடிட வேண்டும். அந்தப் பக்கத்தில் காகிதம் இல்லாததால் ஆளும் போகவில்லை என்ற தோற்றம் வந்துவிடும்.

கடைசியாக, பதிவுகளை வைத்துக்கொள்ளும் முறை. எல்லை தாண்டிய மீன்பிடிப்பும் சரக்கு மாற்றும் இன்றும் வழக்காகக்கூடிய விஷயங்கள். பேசியவர் பெயர், படகுப் பதிவெண், படகு உரிமையாளர் பெயர் மூன்றும் ஒலிப்பதிவிலும் கோப்பின் பெயரிலும் இருக்கக் கூடாது. ஊரும் பிறந்த பத்தாண்டும் போதும், பெயர்ப் பட்டியலைத் தனித்தாளில் வைக்கலாம். பதிவுக்கு முன் ஒருமுறை, எழுத்தாக்கியதைப் படித்துக்காட்டிய பின் ஒருமுறை என இரண்டு தடவை சம்மதம் கேட்க வேண்டும். இரண்டாவது தடவையில் சிலர் சில வரிகளை எடுக்கச் சொல்வார்கள், எடுத்துவிட வேண்டும். பங்குக் குருவிடமோ ஜமாஅத்திடமோ ஊர்த் தலைவரிடமோ ஒரு பிரதியை அச்சிட்டுக் கொடுப்பது நல்லது. பென் டிரைவை யாரும் திறந்து பார்ப்பதில்லை.